ஆய்வு வடிவமைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வித்தாள் அச்சாகும் முன்பே ஓர் ஆய்வின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. தரவு திரட்டிய பிறகு, வடிவமைப்பில் இருக்கும் ஓட்டையை எந்தப் புள்ளியியல் மென்பொருளாலும் அடைக்க முடியாது. ஆனாலும் பலர் 'சர்வே எடுக்கப் போகிறேன்' என்று முறையை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்ற கேள்வியைப் பிறகு தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும்.

முதலில் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். யாரிடம், எதை, எதனுடன் ஒப்பிட்டு, எவ்வளவு காலத்துக்குள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். 'வாசிப்புப் பயிற்சியின் தாக்கம்' என்பது வெறும் தலைப்பு. 'தினமும் 20 நிமிடம் சத்தமாக வாசிக்கும் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள், வழக்கமான வகுப்பில் படிப்பவர்களைவிட 12 வாரத்தில் வேகமாக வாசிக்கிறார்களா?' என்று எழுதினால்தான் கேள்வி. பிறகு இரண்டைப் பாருங்கள். கேள்வி அளவைக் கேட்கிறதா, தொடர்பையா, காரணத்தையா, அனுபவத்தையா? யாருக்கு எது கிடைக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா? இந்த இரண்டு பதில்களே பெரும்பாலும் வடிவமைப்பைச் சொல்லிவிடும்.

எவ்வளவு பேர் என்று அறிய

ஒரு மக்கள்தொகையில் ஒன்று எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே கேள்வியானால், குறுக்குவெட்டு ஆய்வு போதும். ஒரே காலகட்டத்தில், ஒரே ஒரு முறை அளவிடுவது அது. விகிதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, 95 சதவீத நம்பிக்கையில் கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் புள்ளிக்குள் மதிப்பிட 385 பேர் தேவை. அணுகுபவர்களில் 80 சதவீதத்தினரே பதில் சொல்வார்கள் என்றால் ஏறத்தாழ 480 பேரை அணுக வேண்டும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. தனித்தனி ஆட்களுக்குப் பதிலாகப் பள்ளிகளையோ கிராமங்களையோ கொத்தாகத் தேர்ந்தெடுத்தால், ஒரே கொத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதனால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பெருக்க வேண்டிய எண்: 1 + (கொத்தின் அளவு − 1) × உள்தொடர்புக் கெழு (ஒரே கொத்தினர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் எண்). கொத்துக்கு 30 பேர், கெழு 0.05 என்றால் இது 2.45, தேவை 940க்கு மேல் போகும்.

குறுக்குவெட்டுத் தரவில் எது முந்தியது என்று தெரியாது. வேலையில்லாதவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று காணலாம். வேலை போனதால் சோர்வா, சோர்வால் வேலை போனதா என்று சொல்ல முடியாது. ஆய்வறிக்கையில் 'தாக்கம்' என்ற சொல் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது முந்தியது என்று அறிய

விளைவு ஓரளவு அடிக்கடி நிகழக்கூடியது, காலமும் பணமும் இருக்கிறது என்றால், விளைவு இன்னும் ஏற்படாதவர்களைத் தேர்ந்தெடுத்து முன்னோக்கிப் பின்தொடருங்கள். 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 5,209 பேருடன் தொடங்கிய இதயநோய் ஆய்வு இவ்வகை. இதன் பெரிய ஆபத்து, பாதியில் விலகுபவர்கள். அதிலும் ஒரு குழுவில் மட்டும் அதிகம் பேர் விலகினால் முடிவே திரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் இரண்டு மாற்றுத் தொடர்பு எண்களைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.

விளைவு அரியது என்றால் பின்தொடர்வது வீண். விளைவு ஏற்பட்டவர்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கேளுங்கள். 1971இல் வெளியான ஓர் ஆய்வில், அரியவகைப் புற்றுநோய் வந்த இளம்பெண்கள் 8 பேர், ஒப்பீட்டுக்கு 32 பேர். அந்த 8 பேரில் 7 பேரின் தாய்மார்கள் கர்ப்பகாலத்தில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோன் மருந்தை எடுத்திருந்தார்கள். 32 பேரின் தாய்மார்களில் ஒருவர்கூட எடுக்கவில்லை. இவ்வளவு சிறிய ஆய்வு இவ்வளவு உறுதியாகப் பேசியதற்கு வடிவமைப்பின் பொருத்தமும் ஒரு காரணம். ஒப்பீட்டாளர்களை, அதே நோய் வந்திருந்தால் உங்கள் ஆய்வுக்குள் வந்திருக்கக்கூடியவர்களிலிருந்தே எடுங்கள். ஒருவருக்கு நான்குக்கு மேல் ஒப்பீட்டாளர் சேர்ப்பதால் பெரிய பயன் இல்லை. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை இதில் கணக்கிட முடியாது. இரு குழுக்களின் வாய்ப்புகளை ஒப்பிடும் முரண் விகிதம் (odds ratio) மட்டுமே கிடைக்கும்.

காரணத்தை நிறுவ

அதிகாரமும் அறநெறி அனுமதியும் இருந்தால் சமவாய்ப்பு ஒதுக்கீட்டுச் சோதனையைவிட, அதாவது யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல்போல முடிவுசெய்யும் சோதனையைவிட, வலுவானது இல்லை. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பற்றி 1948இல் வெளியான பிரிட்டன் சோதனையில், யார் எந்தக் குழு என்பது மூடிய உறைகளில் இருந்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். அந்த மூடிய உறைதான் இங்கே முக்கியம். வருகைப்பதிவில் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்தால், அடுத்தவர் எந்தக் குழு என்று சேர்ப்பவருக்குத் தெரிந்துவிடும். தேறுவார் என்று தோன்றுபவரை விரும்பிய குழுவுக்குத் தள்ளிவிடுவார்.

நடுத்தர வேறுபாட்டை, அதாவது அரைத் திட்டவிலக்க (மதிப்புகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) வேறுபாட்டை, 80 சதவீத ஆற்றலோடு, அதாவது அது உண்மையில் இருந்தால் 80 சதவீத வாய்ப்போடு, கண்டறியக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். வேறுபாடு 0.2 திட்டவிலக்கம் என்றால் 393 பேர். பயிற்சியைப் பாதியில் விட்டவரையும் ஒதுக்கிய குழுவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள். நீக்கினால் சமவாய்ப்பு தந்த சமநிலை குலையும்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று தோன்றினால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையைப் பாருங்கள். அது இதயத்தைக் காக்கிறது என்று, ஒதுக்கீடு செய்யாமல் கவனித்து மட்டும் பார்த்த ஆய்வுகள் பல காட்டின. 16,608 பெண்களை ஒதுக்கி நடத்திய அமெரிக்கச் சோதனையின் ஈஸ்ட்ரோஜன்-புரோஜெஸ்டின் பிரிவு 2002இல் நிறுத்தப்பட்டபோது, இதயநோய் அபாயம் கூடியிருந்தது. சிகிச்சையைத் தாமாகத் தேர்ந்தெடுத்த பெண்கள் பொதுவாக வசதியும் உடல்நல அக்கறையும் கூடியவர்கள் என்பது, முடிவுகள் முரண்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஒதுக்கீடு செய்ய முடியாதபோது

மிகவும் பலவீனமானது, ஒரே குழுவை முன்பும் பின்பும் அளப்பது. மதிப்பெண் மிகக் குறைந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தால், பயிற்சியே பயன்தராவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்களின் சராசரி கூடும். அன்றைய துரதிர்ஷ்டம் திரும்ப வராது, அவ்வளவுதான். ஆகவே பயிற்சி பெறாத ஒத்த குழு ஒன்றையும் அதே இரண்டு நாட்களில் அளந்து, இரண்டு மாற்றங்களின் வேறுபாட்டைப் பாருங்கள். 1992இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்ச ஊதியம் 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தபோது, பொருளியலாளர்கள் கார்டும் குரூகரும் அங்குள்ள உணவகங்களின் வேலைவாய்ப்பைப் பக்கத்து பென்சில்வேனியா உணவகங்களோடு இப்படித்தான் ஒப்பிட்டார்கள். இரு குழுக்களும் முன்பு ஒரே போக்கில் சென்றன என்பதைக் காட்டப் பழைய தரவு வேண்டும். முந்தைய ஒரே ஓர் அளவீடு போதாது.

ஏன், எப்படி என்று கேட்கும்போது

பயிற்சியை ஆசிரியர்கள் ஏன் கைவிட்டார்கள் என்பதற்கு எண்கள் பதில் சொல்லா. ஆழ்நேர்காணல், குழு விவாதம், தனிநபர் ஆய்வு ஆகியவை இங்கே பொருந்தும். புதிய கருத்து வருவது நிற்கும்வரை தொடருங்கள். அதனால் நேர்காணலையும் பகுப்பாய்வையும் ஒன்றாகவே நடத்த வேண்டும். 15 பேரிடம் பேசிவிட்டு '60 சதவீதத்தினர்' என்று எழுதாதீர்கள். எண்களையும் நேர்காணலையும் சேர்க்கும் கலப்புமுறை என்றால், எது முதலில், ஏன் என்று முன்மொழிவிலேயே சொல்லுங்கள்.

களத்துக்குப் போகும் முன் கடைசி வேலை: அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளை, எண்கள் இல்லாமல் வெறும் கட்டங்களாக வரையுங்கள். ஒரு கட்டத்தை நிரப்பும் கேள்வி கேள்வித்தாளில் இல்லையென்றால் சேருங்கள். எந்தக் கட்டத்துக்கும் போகாத கேள்வியை நீக்குங்கள். ஒப்பீட்டுப் பத்தியே அட்டவணையில் இல்லை, ஆனால் உங்கள் கேள்வியில் 'விட' என்று இருக்கிறது என்றால், வடிவமைப்பு இன்னும் முடியவில்லை.