‘பிளேன் பெட்டி’ கையில் கிடைத்தால் அது என்ன என்று கண்டுபிடிப்பது எப்படி?

கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒரு நாள் போன் செய்தார். “ண்ணா, பிளேன் ஓட்டற பெட்டி ஒண்ணு வந்திருக்குதுங்க. ஹைட் மீட்டர், ஸ்பீடு மீட்டர் எல்லாம் இருக்குது. வந்து பாக்கறீங்களா?” விமானப்படையில் 20 வருடம் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டராக இருந்தவனிடம் இப்படிக் கேட்டால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடமாட்டானா? ஓடினேன்.

பச்சை பெயின்ட் உரிந்த ஒரு பெட்டி, சூட்கேஸ் அளவு. மூடியைத் திறந்தால் இரண்டு வட்ட டயல்கள், இரண்டு சின்ன வால்வுகள், ஓரத்தில் ஒரு கைப்பம்ப். கீழே இரண்டு ரப்பர் குழாய்கள், அறுந்துபோய் விரல் நீளத்துக்கு நின்றன. கடைப் பையன் கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாகத் தயாராக நின்றான். முதலில் அவன் கையைத்தான் பிடித்தேன்.

துடைக்காதீர்கள். வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. நானே ஒருமுறை ஒரு டிராலியைத் தின்னர் போட்டுத் துடைத்து, ஸ்டென்சிலில் அடித்திருந்த எண்ணைத் துணியோடு எடுத்துவிட்டேன். அது எந்த டிராலி என்று இன்று வரை தெரியாது. எழுத்து மங்கலாக இருந்தால் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் போட்டோ எடுங்கள். பள்ளமாகக் குத்திய எழுத்து என்றால் முகப் பவுடரைத் தூவி விரலால் லேசாக நீவிவிட்டால் போதும், வெள்ளையாக எழும்பிவரும்.

அப்படித்தான் இந்தப் பெட்டியின் தகட்டில் ஒரு கிரீடமும் அதன் கீழே ஏ.எம். என்ற இரண்டு எழுத்தும் கிடைத்தன. ஏ.எம். என்றால் பிரிட்டனின் ஏர் மினிஸ்ட்ரி. கிரீடத்தின் மேல் வளைவைப் பாருங்கள். குடை மாதிரி உருண்டிருந்தால் 1953-க்கு முந்தைய மன்னர் காலத்து முத்திரை. நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் ராணி காலத்தது. இதில் பள்ளம் இருந்தது. ஏர் மினிஸ்ட்ரியோ 1964-ல் பாதுகாப்பு அமைச்சகத்தோடு சேர்ந்துவிட்டது. ஆக, கொஞ்சம் முன்னே பின்னே போனாலும், பெட்டியின் வயது அந்தப் பத்துப் பதினோரு வருடத்துக்குள் வந்துவிடுகிறது. நம் விமானப்படை ஹண்டர், கான்பெரா, நாட் (Gnat) என்று பிரிட்டிஷ் ஜெட்களை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. ரஷ்ய மிக்-21 வந்தது 1963-ல்தான்.

அடுத்தது சாமானுக்குக் கிடங்கில் கொடுத்த எண். பழைய பிரிட்டிஷ் ஸ்டோர்ஸ் எண்ணில் முதலில் பிரிவு எண், பிறகு ஓர் எழுத்து, பிறகு சாய்கோடு வரும். 6ஏ என்றால் விமான இன்ஸ்ட்ருமென்ட், 5சி மின்சாமான், 14ஏ கேமரா, 22சி விமானி உடை. நேட்டோ (அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளின் ராணுவக் கூட்டணி) எண் என்றால் இன்னும் சுலபம். அதில் 13 இலக்கம் இருக்கும். முதல் நான்கும் சாமானின் இனம்: 1730 தரையில் விமானத்தைக் கவனிக்கும் கருவி, 4920 பழுதுபார்ப்புக்கூடக் கருவி, 6115 ஜெனரேட்டர். அடுத்த இரண்டும் நாடு: 99 பிரிட்டன், 00 அல்லது 01 அமெரிக்கா, 72 இந்தியா. அமெரிக்கச் சாமானில் 11 இலக்கம்தான் இருக்கிறது என்றால் எண் விடுபட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். நாட்டு எண் சேராத, 1974-க்கு முந்தைய பழைய முறை அது.

தகடே இல்லையா? டயலின் அளவைப் படியுங்கள். மீட்டரும் கிலோமீட்டரும் இருந்து, உயரமானியில் காற்றழுத்தத்தைக் காட்டும் சின்ன ஜன்னலில் 760-ஐ ஒட்டிய எண்கள் தெரிந்தால் பெரும்பாலும் ரஷ்யச் சாமான். அடி, நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்), மில்லிபார் (காற்றழுத்த அளவு) என்றால் பிரிட்டன். அந்த ஜன்னலில் 29.92 மாதிரிப் புள்ளி வைத்த எண் என்றால் அமெரிக்கா. வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று போட்டிருக்கும் பிரிட்டிஷ் டயல் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது.

இதற்கெல்லாம் மேலே நான் நம்புவது வாயைத்தான். குழாய், கேபிள், கொக்கி என்று விமானத்தோடு சேரும் இடம் எதுவோ அதுதான் வாய். விமானத்துக்குத் தரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் தடித்த கேபிளின் முனையில் இரண்டு பெரிய துளை, ஒரு சின்னத் துளை என்றால் 28 வோல்ட் டி.சி. நான்கு பெரியது, இரண்டு சின்னது என்றால் 400 ஹெர்ட்ஸ் ஏ.சி. சிவப்பு எண்ணெய் கசிந்தால் ஹைட்ராலிக். ஆனால் அதை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது, ரஷ்ய எண்ணெயும் சிவப்புதான்.

நம் பெட்டியின் இரண்டு வாயிலும் பி, எஸ் என்று ஆங்கில எழுத்து குத்தியிருந்தது. பிட்டோ, ஸ்டாட்டிக். எதிரே வந்து மோதும் காற்றின் அழுத்தத்தை எடுப்பது பிட்டோ, சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை எடுப்பது ஸ்டாட்டிக். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சோதித்துப் பார்க்க மருந்துக்கடையிலிருந்து ஒரு சிரிஞ்சும் சலைன் டியூபும் வாங்கிவரச் சொன்னேன். எஸ் வாயில் மாட்டி, சிரிஞ்சை மயிரிழை அளவு இழுத்தேன். உயர முள் ஆடி எழுந்து 450 அடி அருகே நின்றது. கூடவே வேக முள்ளும் 100 நாட் வேகத்துக்குப் பக்கம் போனது. காற்றை உறிஞ்சியது ஒரு வாயில்தான், ஏறியதோ இரண்டு முள். வேகமானி காட்டுவது இரண்டு வாய்க்கும் நடுவிலுள்ள அழுத்த வித்தியாசத்தை என்பதால், ஒன்றில் குறைந்தாலே அதற்குப் ‘பறப்பது’ மாதிரிதான். இப்படியே 20,000 அடி வரை இழுத்தால் வேகமானியின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கெட்டுவிடும். புதுப் பையன்கள் செய்யும் தவறு அது. எங்கள் காலத்தில் அதற்கு வாங்கிய வசவு தனிக் கதை.

ஆக, இது பிளேன் ஓட்டும் பெட்டி இல்லை. தரையில் நிற்கும் விமானத்தின் குழாய்களில் கசிவு இருக்கிறதா, அதன் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் பிட்டோ ஸ்டாட்டிக் டெஸ்டர். எந்த விமானத்துக்கு என்று கேட்காதீர்கள். இது பொதுச் சாமான், அடாப்டரை மாற்றிப் பல விமானங்களுக்கும் ஓடியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. டயலின் எண்களும் முள்ளும் பழுப்பு மஞ்சள் பூச்சோடு இருந்தால் கண்ணாடியைத் திறக்க வேண்டாம், வாய் வைத்து ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம். அது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்பதால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பாதியாகக் குறையவே அதற்கு 1,600 வருடம் ஆகும்.

“அப்ப இது பறக்கவே இல்லீங்களாண்ணா?” என்று நண்பர் கேட்டார். இல்லை என்றேன். பெட்டியைத் தராசுப் பக்கம் தள்ளப் போனவரிடம் எடைக்கு என்ன விலை என்று கேட்டு, நானே வாங்கி வந்துவிட்டேன்.