நூலகப் பணியாளர்களுக்குக் கோஹா பயிற்சி அளிப்பது எப்படி?

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தில் 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த கோஹா, உரிமக் கட்டணம் இல்லாத திறமூல நூலக மேலாண்மை மென்பொருளாகும். அதை நிறுவி ஓரிரு நாள் வகுப்பு நடத்தியதும் பயிற்சி முடிந்ததாகக் கருதும் வழக்கத்தை நூலகங்கள் கைவிட வேண்டும். பணியாளர் தம் நூலகத்தின் நூல்களையே வைத்துப் பழகினால்தான் கற்றது கையில் நிற்கும்.

முதலில், நடைமுறைத் தளத்தோடு தொடர்பில்லாத ஒரு சோதனைத் தளத்தைத் தனிக் கணினியில் நிறுவுங்கள். உங்கள் அலமாரிகளிலிருந்து நூறு நூல்களைத் தேர்ந்து அதில் பதிவு செய்யச் சொல்லுங்கள். உறுப்பினர்களின் உண்மையான பெயரும் தொலைபேசி எண்ணும் அங்கே வேண்டாம். கற்பனைப் பெயர்களே போதும். தவறினாலும் எதுவும் கெடாது என்று தெரிந்த பிறகுதான், பல ஆண்டுகள் பேரேட்டில் எழுதிப் பழகிய மூத்த பணியாளர் தயக்கமின்றி விசைப்பலகையைத் தொடுவார்.

நூல் வழங்குதல், திரும்பப் பெறுதல், புதுப்பித்தல் ஆகியவை விரைவில் பழகிவிடும். அதிக நேரம் ஒதுக்க வேண்டியது தமிழ் நூல்களைப் பட்டியலிடும் பயிற்சிக்கே. வழங்கலில் நேரும் பிழையை வாசகர் அன்றே சுட்டிக்காட்டுவார். பட்டியல் பிழையோ ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து, அலமாரியில் உள்ள நூலையே இல்லாததாக்கிவிடும். ‘ஔவையார்’ என்பதை ஔ என்ற ஒரே எழுத்தால் ஒருவரும், ஒ, ள என்ற இரண்டு எழுத்துகளால் இன்னொருவரும் பதிந்தால், திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். எனவே அனைவரும் யூனிகோடில், இயன்றவரை தமிழ்99 விசைப்பலகையில், தட்டச்சு செய்யப் பழக வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ள பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்த்த பின்பே தளத்தில் ஏற்ற வேண்டும்.

ஆசிரியர் பெயருக்கும் இதே கவனம் தேவை. கல்கி என்று ஒரு பதிவிலும், ரா. கிருஷ்ணமூர்த்தி என்று மற்றொன்றிலும் இருந்தால் அவருடைய நூல்கள் இரண்டு இடங்களில் சிதறும். நூல் விவரங்களைக் கணினியில் பதிவதற்கான மார்க் 21 அமைப்பில், ஆசிரியர் பெயருக்குரிய 100ஆம் புலத்தில் எந்த வடிவம் இடம்பெற வேண்டும், முன்னெழுத்துகள் பெயருக்கு முன்னா பின்னா என்பவற்றைப் பணியாளர்கள் கூடிப் பேசி முடிவு செய்து, ஒரே பக்கத்தில் எழுதி, பட்டியலிடும் மேசையருகே ஒட்டிவையுங்கள். ஏற்றுக்கொள்ளாத மற்ற வடிவங்களைப் ஒருவருடைய பல பெயர் வடிவங்களை இணைத்துவைக்கும் பெயர் ஆணைப் பதிவில் சேர்த்து, தேடுபவரை உரிய பெயருக்கு வழிப்படுத்தவும் கற்றுக்கொடுங்கள்.

தொடர் பயிற்சிக்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பணி நேரத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும்; வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளச் சொல்வது முறையன்று. ஒருவர் மட்டுமே பணிபுரியும் ஊர்ப்புற நூலகங்களுக்கு, அந்த நேரத்தில் மாவட்ட மைய நூலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியிலாவது துணைநிற்க வேண்டும். அவ்வப்போது புதிய பதிவுகளில் சிலவற்றை எடுத்து, நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் தென்படும் பிழைகளை வைத்தே அடுத்த வகுப்பின் பாடத்தைத் தீர்மானிக்கலாம். குற்றம் கண்டுபிடிக்கும் தணிக்கையாக இது மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது தலைமை நூலகரின் பொறுப்பு.

கோஹாவின் புதிய பெரும் பதிப்புகள் ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும், வெளிவருகின்றன. பதிப்பை உயர்த்துவதற்கு முன் மாற்றக் குறிப்புகளைப் படித்து, அன்றாட வேலைகளைச் சோதனைத் தளத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். காப்புப்படியிலிருந்து தரவை மீட்கும் பயிற்சியையும் அப்போதே நடத்துங்கள். மீட்டுப் பார்த்திராத காப்புப்படியை நம்ப முடியாது.

பணியாளர் இடமாறிச் செல்லும்போது கடவுச்சொற்களை மாற்றுவதோடு, செய்முறைக் குறிப்புகளையும் எழுத்தில் பெறுங்கள். புதிதாக வருபவர் அக்குறிப்புகளை மட்டுமே கொண்டு சோதனைத் தளத்தில் ஒரு நூலைப் பதிந்து, வழங்கி, திரும்பப் பெற்றுக் காட்டட்டும். எந்த இடத்தில் அவருக்குத் தடை ஏற்படுகிறதோ, அந்தப் பகுதியை அவரையே திருத்தி எழுதச் சொல்லுங்கள்.