வீட்டு வேலைச் சம்பளப் பாக்கி: கடலூர், புதுச்சேரியில் கணக்கை முடிப்பது எப்படி?

மாதம் பாதியில் வேலையை விட்டு நின்றால் மீதிச் சம்பளம் எவ்வளவு? வீட்டு வேலைச் சம்பளச் சண்டைகள் பலவும் இந்தக் கேள்வியில்தான் சிக்கி நிற்கின்றன. வேலைக்குச் சேரும்போது எல்லாம் வாய்ப்பேச்சு. வீட்டுக்காரம்மா மனதில் ஒரு கணக்கு இருக்கும், வேலை செய்தவர் மனதில் இன்னொன்று இருக்கும். சட்டம், அலுவலகம், மனு எல்லாம் அப்புறம். முதலில் இரண்டு கணக்கும் ஒரே தாளில் வரவேண்டும். தாள் இல்லாமல் எந்த மேசைக்குப் போனாலும் "எவ்வளவும்மா பாக்கி?" என்ற முதல் கேள்வியே உங்களைத் திருப்பி அனுப்பிவிடும்.

சாவி முதலில்

பாக்கியைக் கேட்பதற்கு முன்பே வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், "அம்மா, சாவி கொடுத்துட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. சம்பளம் கேட்டதும் "வளையலைக் காணோம்" என்று பேச்சு திரும்புவது அரிதல்ல. வேலை செய்யும் இடத்தில் திருடியதாகப் புகார் வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 306-ஆம் பிரிவு பொருந்தும். தண்டனை ஏழாண்டு வரை. அதனால் சம்பளத்துக்கு ஈடாக வீட்டிலிருந்து ஒரு குக்கரைக்கூட எடுத்து வராதீர்கள். பாக்கி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அந்தக் குக்கர் கேஸையே தலைகீழாக்கிவிடும்.

அதேபோல வீட்டுக்காரர்கள் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, பாஸ்புக் எதையும் பிடித்து வைக்கக்கூடாது. நகல் வாங்கிக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் முறை.

தாளில் என்ன எழுதுவது

சேர்ந்த தேதி, நின்ற தேதி, பேசிய மாதச் சம்பளம், என்னென்ன வேலை, தினம் எத்தனை மணி நேரம், மாதத்துக்கு எத்தனை நாள் லீவு, வாங்கிய அட்வான்ஸ், இதுவரை பிடித்தது. பாத்திரம் தேய்க்கவும் கூட்டித் துடைக்கவும் என்று பேசிச் சேர்ந்து, பிறகு துணி துவைப்பதும் சேர்ந்துகொண்டதா? எந்த மாதத்திலிருந்து, அதற்குச் சம்பளம் கூட்டப்பட்டதா என்பதையும் குறியுங்கள். "கூட்டித் தரேன்னு சொன்னாங்க" என்பது இருந்தால் யார் சொன்னது, எப்போது என்றும் எழுதுங்கள்.

இனி கணக்கு. மாதச் சம்பளம் 4,500 ரூபாய், ஞாயிறு விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் மாதம், 18-ஆம் தேதியோடு நின்றாயிற்று, அதற்குள் இரண்டு ஞாயிறு. இதைச் சரியாகக் கணக்கிட இரண்டு வழி உண்டு.

ஒன்று, 4,500-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 150. ஞாயிறையும் சேர்த்து 18 நாளுக்கு 2,700.

இன்னொன்று, வேலை நாளை மட்டும் எண்ணுவது. 4,500-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 173 ரூபாய் சொச்சம். வேலை செய்த 16 நாளுக்கு 2,769.

இரண்டில் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தவறு எங்கே வருகிறது என்றால், 30-ஆல் வகுத்துவிட்டு 16 நாளால் பெருக்கும்போதுதான். அப்போது 2,400 வரும், 300 ரூபாய் காணாமல் போகும். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது, கால்குலேட்டரில் அவசரமாகத் தட்டினால் இப்படித்தான் வரும். நடுவில் பேசுபவர் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

முந்தைய மாதச் சம்பளம் 4,500-ம் நிற்கிறது என்றால் மொத்தம் 7,200. அட்வான்ஸ் 6,000 வாங்கி, மாதம் ஆயிரமாக நான்கு மாதம் பிடித்தாயிற்று, மீதி 2,000. அதைக் கழித்தால் 5,200. ஞாயிறு போகப் பேசிய லீவு மாதம் இரண்டு நாள், போன மாதம் எடுத்தது ஐந்து என்றால் கூடுதல் மூன்று நாளுக்கு 450. மீதி 4,750. வீட்டுக்காரர் கணக்கில் "உடைந்த மிக்ஸி ஜார் 800" என்று இன்னொரு வரி இருக்கலாம். உடைந்தால் பிடிப்போம் என்று முன்பே பேசியிருந்தாலொழிய அந்த வரியை ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. தினம் புழங்கும் பொருள் தேய்வதும் உடைவதும் வீட்டுச் செலவு.

தீபாவளி போனஸும் பொங்கல் காசும் தனித் தாளில் இருக்கட்டும். போனஸ் சட்டம் வீடுகளுக்குப் பொருந்தாது. ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்று பேசியிருந்தால் கேட்கலாம். வருஷா வருஷம் கொடுத்து வந்ததையும் எடுத்துச் சொல்லலாம். ஆனால் சம்பளப் பாக்கியோடு கலந்தால், போனஸ் மறுப்பையே காரணம் காட்டி மொத்தத்தையும் இழுத்தடிப்பார்கள்.

யார் முதலாளி?

கேட்கத் தேவையில்லாத கேள்வி போலத் தெரியும். கடலூரிலும் புதுச்சேரியிலும் பெற்றோர் மட்டும் இங்கே, பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ என்ற வீடுகள் நிறைய. வேலை சொல்வது பாட்டி, பணம் அனுப்புவது மகன். சம்பளம் பேசியவரும் அனுப்பியவரும் யாரோ அவரிடம்தான் கேட்கவேண்டும். பாட்டியிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஜிபேயில் வந்த வரவே அவர்தான் முதலாளி என்பதற்குச் சான்று.

ஏஜென்சி மூலம் போனவர்கள், குறிப்பாக முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, சம்பளம் ஏஜென்சி கையிலிருந்து வந்ததா, வீட்டிலிருந்து வந்ததா என்று பாருங்கள். கொடுத்தவர் மீதுதான் பாக்கி. இரண்டு பக்கமும் கைகாட்டினால் இருவர் பெயரையும் மனுவில் எழுதுங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பகுதியில் பல வீடுகள் ஹோம்ஸ்டேயாக நடக்கின்றன. வாடகைக்கு வரும் விருந்தினரின் அறையைத் துடைத்து, படுக்கை விரித்தால் அது வீட்டு வேலை ஆகாது, வணிக நிறுவனத்தின் வேலை. 1964-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் அங்கே வரும். தொழிலாளர் துறையிடம் இந்தப் புகாருக்கு இருக்கும் பலம் சாதாரண வீட்டு வேலைப் புகாருக்குக் கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்துவிட்டு மனுவில் "வீட்டு வேலை" என்று எழுதாதீர்கள்.

சான்று

பாஸ்புக்கை அச்சிட்டு வாங்குங்கள். ஜிபே, போன்பே வரவுகளின் ஸ்கிரீன்ஷாட், "நாளைக்கு சீக்கிரம் வாங்க" போன்ற வாட்ஸ்அப் குரல் செய்திகள், அபார்ட்மென்ட் காவலாளியிடம் உள்ள வருகைப் பதிவேடு எல்லாம் உதவும். கையில் ரொக்கமாக வாங்கியவர்களுக்கு அதே தெருவில் வேலை பார்க்கும் இன்னொருவரின் வாக்குமூலம் உதவும். பழைய போனை விற்பதோ வாட்ஸ்அப்பை அழிப்பதோ இப்போது வேண்டாம்.

கேட்பது

நேரில் ஒருமுறை, பிறகு செய்தியாக ஒருமுறை. செய்தி இப்படி இருக்கலாம்:

"அம்மா, வணக்கம். போன மாசச் சம்பளம் 4,500, இந்த மாசம் 18 நாளுக்கு 2,700, மொத்தம் 7,200. அட்வான்ஸ் மீதி 2,000, கூடுதல் லீவு 450 கழிச்சா 4,750 வரணும். கணக்கு தப்புன்னா சொல்லுங்கம்மா. வர்ற 7-ஆம் தேதிக்குள்ள அனுப்பிடுங்க."

எழுத வராதவர்கள் இதையே குரல் செய்தியாக அனுப்பலாம். திட்டோ மிரட்டலோ ஒரு வார்த்தை இருந்தாலும் அதை மட்டும்தான் எல்லோருக்கும் காட்டுவார்கள்.

பதில் இல்லையென்றால் அதே கணக்கைக் கடிதமாக எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. அதனால் கவுன்டரில் "பதிவும் சேர்த்து" என்று சொல்லவேண்டும். ரசீதைக் கடித நகலோடு பின் போட்டு வையுங்கள்.

எந்த அலுவலகம்?

வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மனு. கோட்டக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவருக்குப் புதுச்சேரி, கிருமாம்பாக்கத்திலிருந்து மஞ்சக்குப்பம் வருகிறவருக்குக் கடலூர். முள்ளோடை எல்லையைத் தாண்டித் தவறான பக்கம் மனு கொடுத்தால் சில வாரம் வீணாகும்.

எங்கள் பரிந்துரை முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம். தோட்ட வேலை, டிரைவர் வேலை பார்க்கும் மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்பே எதிர்த்தரப்பைப் பேச்சுக்கு அழைத்துக் கடிதம் அனுப்புவார்கள். மூன்று போன் காலுக்கு அசையாதவர்கள் நீதிமன்ற முகவரியிட்ட ஒரு கடிதத்துக்கு அசைவார்கள். இருவரும் ஒத்துக்கொண்டு லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) கையெழுத்துப் போட்டால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்புடையது, மேல்முறையீடு கிடையாது. ஒரு குறை: எதிர்த்தரப்பு வரவே இல்லை என்றால் லோக் அதாலத் தானாக உத்தரவு போடாது. அப்போது இலவச வக்கீல் வைத்து வழக்குப் போடலாம். சம்பளம் கொடுக்கவேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை அவகாசம்.

தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு குழப்பம் வரும். கடலூரில் நலவாரிய அட்டை பார்ப்பது சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு, ஊதியப் புகார் பார்ப்பது அமலாக்கப் பிரிவு. 2007-இல் அமைந்த வீட்டுப் பணியாளர் நலவாரியம் உதவித்தொகை தரும், சம்பளப் பாக்கியை வசூலித்துத் தராது. ஆனால் அட்டை இருந்தால் தொழிலுக்குச் சான்று, எடுத்து வையுங்கள். தமிழகத்தில் 2018-இல் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 முதல் 39 ரூபாய் என்று குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள். நம் 4,500 ரூபாய் உதாரணத்தில், தினம் இரண்டரை மணி நேரம், 26 நாள் என்றால் மணிக்கு 69 ரூபாய் வருகிறது. ஆகவே பகுதி நேர வேலைக்கு இந்தச் சட்டம் கை கொடுப்பது குறைவு. வீட்டிலேயே தங்கி, விடியற்காலை முதல் இரவு வரை வேலை செய்கிறவர்களுக்குத்தான் இது ஆயுதம். அவர்கள் மணிக்கணக்கை அவசியம் எழுதிப் பார்க்கவேண்டும். 37 வீதம் எட்டு மணி நேரம், 26 நாளுக்கே 7,696 ஆகிறது.

வேலையிலிருந்து நிறுத்தியது தவறு, திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள் என்ற கோரிக்கைக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தில் இடமில்லை. பழைய தொழில் தகராறுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வீட்டு வேலையைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. பணத்தை மட்டும் கேளுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுப்பதும் கடலூரில் வழக்கம். அந்த மனு கடைசியில் தொழிலாளர் அலுவலகத்துக்குத்தான் வரும். நேராக அங்கே போகத் தயங்குகிறவர்களுக்கு உதவும், அவ்வளவுதான்.

காவல் நிலையத்தைப் பணம் வசூலிக்கப் பயன்படுத்தாதீர்கள். அடி, பாலியல் தொல்லை, சாதி சொல்லித் திட்டுவது, அடைத்து வைப்பது இருந்தால் மட்டும் போங்கள். அப்போது தயங்காமல் போங்கள், பெண்கள் உதவி எண் 181-ஐயும் அழைக்கலாம். "அட்வான்ஸ் தீரும்வரை போகக்கூடாது" என்று தடுத்தால் அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். அட்வான்ஸ் கடன்தான், ஆளைக் கட்டிவைக்கும் உரிமை அல்ல.

முடிவுக் கடிதம்

பேசி முடிந்தால் வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதினால் போதும், பத்திரத்தாள் தேவையில்லை. இருவர் பெயர், முகவரி, வேலை பார்த்த காலம், கணக்கின் ஒவ்வொரு வரி, முடிவான தொகை, எந்தத் தேதியில் எப்படிக் கொடுப்பது, சாவியும் ஆவணங்களும் திருப்பித் தரப்பட்டதா, இனி ஒருவர் மீது ஒருவருக்குப் பணக் கோரிக்கையோ திருட்டுக் குற்றச்சாட்டோ இல்லை என்ற வரி, இருவர் கையெழுத்து, சாட்சி இருவர். 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்ததற்கான ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டுங்கள்.

"முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியில் பணம் கைக்கு வந்த பிறகே கையெழுத்து. வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ எப்போதும் வேண்டாம். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சிகளில் ஒருவர் வாசித்துக் காட்டி, "வாசித்துக் காட்டப்பட்டது" என்றும் எழுதட்டும். தவணையாகத் தருகிறோம் என்றால் இரண்டு தவணைக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள், முதல் தவணையைக் கையெழுத்தின்போதே வாங்குங்கள். இரண்டாவது தவணை தவறினால் சாதாரணக் கடிதத்தை வைத்துக்கொண்டு மறுபடி ஆணைக்குழுவுக்கு நடக்கவேண்டும். அதே தவணை லோக் அதாலத் தீர்ப்பில் எழுதப்பட்டிருந்தால் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்டு நேராக நிறைவேற்று மனு போடலாம். எனவே தவணை என்று பேச்சு வந்தாலே, வீட்டு வரவேற்பறையில் முடிக்காமல் அங்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குங்கள்.