கூகிளுக்குள் இருக்கும் கணக்குக் கொப்பி: வன்னிச் சிறு தொழில்கள் விடும் தவறுகள்

கிளிநொச்சியில் ஹாட்வெயார் கடை, மாங்குளத்தில் அரிசி ஆலை, முல்லைத்தீவில் மீன் வாங்கி ஐஸ் போட்டு அனுப்பும் வாடி என்று எங்கு போனாலும் கணக்குக் கொப்பி இப்போது கூகிள் ட்ரைவிலோ மைக்ரோசொஃப்ட் 365இலோ இருக்கிறது. மேசை லாச்சிக்குள் கொப்பி கிடந்த காலத்தில் திறப்பு ஒன்றுதான், அது முதலாளியின் மடியில் இருந்தது. கிளவுட்டில் எத்தனை திறப்பு, யார் யார் கையில் என்பது பல கடைகளில் முதலாளிக்கே தெரியாது. சேர்வர் இருக்கும் கட்டடத்தைக் காப்பது கூகிளின், மைக்ரோசொஃப்டின் வேலை. அதை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். திறப்பை யாருக்குக் கொடுப்பது, யாரிடமிருந்து திரும்ப வாங்குவது என்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

தம்பியின் ஜிமெயிலில் கடை

மற்றத் தவறுகள் பலவற்றுக்கும் வேர் இதுதான். கடை தொடங்கும்போது கணனி தெரிந்த ஒரு பெடியன் தன் சொந்த ஜிமெயிலில் ஒரு ஷீட் திறந்து சரக்கு இருப்பைப் பதிகிறான். பிறகு கடன் கொப்பி, பிறகு சம்பளம், பிறகு சிட்டைகளின் படம். மூன்று வருடத்தில் கடை முழுக்க அவனுடைய எக்கவுண்டுக்குள் வந்துவிடும். அவன் வெளிநாடு போனாலும், கோபித்துக்கொண்டு போனாலும், கூகிளைப் பொறுத்தவரை அந்தக் கோப்புகளின் உரிமையாளர் அவன்தான். முதலாளி வெறும் எடிட்டர், திருத்த மட்டும் முடிந்தவர். அவன் ஒரு கோப்பை நீக்கினால் அது ட்ராஷில் 30 நாள் கிடந்து அழியும். அவனுடைய கலியாணப் படங்களும் உங்கள் சிட்டைகளும் ஒரே 15 ஜிபிக்குள் இடம் பிடிக்கின்றன. அது நிறைந்தால் அந்த முகவரிக்கு மெயிலே வராது. இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத இலவச எக்கவுண்டுகளை அழிப்பதை 2023 டிசம்பரில் கூகிள் தொடங்கியது என்பதையும் மனதில் வையுங்கள்.

கடையின் பெயரில் தனி எக்கவுண்ட் ஒன்று திறவுங்கள். அதன் மீட்பு இலக்கம் முதலாளியின் அடையாள அட்டையில் எடுத்த சிம்மாக இருக்கவேண்டும். பிறகு பழைய எக்கவுண்டில் இருந்து ஒவ்வொரு கோப்பாக ஷெயார் பெட்டியைத் திறந்து, கடை எக்கவுண்டின் பெயருக்கு நேரே "ட்ரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்" கொடுக்கவேண்டும். கடை எக்கவுண்டில் அதை ஏற்றுக்கொண்டால்தான் உரிமை மாறும். பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: ஃபோல்டரின் உரிமையை மாற்றினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் உரிமை தானாக மாறாது. சொந்த டொமைனோடு (கடைப் பெயரிலான இணைய முகவரி) கூகிள் வேர்க்ஸ்பேஸ் என்ற கட்டண நிறுவனச் சேவையை வாங்கியவர்களுக்கு, இலவச ஜிமெயிலில் இருந்து நிறுவன எக்கவுண்டுக்கு உரிமையை மாற்றவே முடியாது. அங்கே "மேக் எ கொப்பி" கொடுத்துப் புதுக் கோப்பாக எடுப்பதுதான் வழி. பழைய திருத்த வரலாறு புதுக் கோப்பில் வராது என்பதால், பழையதைக் கொஞ்சக் காலம் தொடாமல் வைத்திருங்கள்.

டொமைனும் அப்படித்தான். வெப்சைட் செய்து தந்தவர் தன் பெயரிலும் தன் மெயிலிலும் பதிந்திருந்தால், அவர் புதுப்பிக்க மறக்கும் நாளில் கடையின் மெயில் எல்லாம் நின்றுவிடும். பதிவில் யாருடைய பெயர், யாருடைய மெயில் என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.

அஞ்சு பேருக்கு ஒரு பாஸ்வேர்ட்

காலபோக அறுவடை தொடங்கினால் ஆலையில் நெல் நிறுக்க, பதிய, சிட்டை எழுத என்று புது ஆட்கள் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட், அதுவும் வட்ஸ்அப் குரூப்பில். அறுவடை முடிந்து அவர்கள் போனபிறகும் பாஸ்வேர்ட் அதேதான். ஒரு மூடையின் நிறை 70 கிலோவில் இருந்து 67 ஆக மாறியிருந்தால் யார் மாற்றியது என்று கேட்க வழியில்லை. திருத்த வரலாற்றில் எல்லாத் திருத்தத்துக்கும் ஒரே பெயர்தான் இருக்கும்.

ஆளுக்கொரு எக்கவுண்ட் கொடுங்கள். பணம் கட்டித்தான் கொடுக்கவேண்டும் என்றில்லை. பருவத்துக்கு வருபவரின் சொந்த ஜிமெயிலுக்கு அந்த ஒரு ஷீட்டை மட்டும் எடிட்டராகக் கொடுத்து, வேலை முடியும் அன்று எடுத்துவிடலாம். நிறை பதிபவருக்கு விலைப் பக்கம் தேவையில்லை. ஆனால் ஒரே கோப்பில் ஒரு தாளை மறைத்து வைப்பதைப் பாதுகாப்பு என்று நம்பவேண்டாம், எடிட்டர் அதைத் திறந்து பார்க்கலாம். விலையை வேறு கோப்பாகவே வையுங்கள்.

பாஸ்வேர்ட் பற்றி ஒரு பழைய நம்பிக்கையும் போகவேண்டும். மாதாமாதம் மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைப் பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டு போவார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2017இலேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவேண்டாம் என்று வழிகாட்டியது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள், வேறு எந்தத் தளத்திலும் அதைப் போடாதீர்கள். கடைப் பெயரும் போன் இலக்கமும் பெயர்ப்பலகையிலேயே இருக்கின்றன. அவை பாஸ்வேர்ட் ஆகமாட்டா.

ஓ.டி.பி. ரொறன்ரோவுக்குப் போகிறது

வன்னியில் பல கடைகளின் முதல், வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவோ மச்சானோ அனுப்பியது. கணக்குப் பார்க்க அவருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று எக்கவுண்டை அவருடைய கனடா இலக்கத்தில் திறந்திருப்பார்கள். கிளிநொச்சியில் காலை 10 மணிக்குப் புதுக் கணனியில் உள்ளே போகப் பார்த்தால், ஓ.டி.பி. என்ற ஒருமுறை இலக்கம் அவருடைய போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். அப்போது ரொறன்ரோவில் கோடையில் நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் முந்திய இரவு 11.30. அவர் நித்திரை. கடை அவர் எழும்பும்வரை காத்திருக்கும். அதைவிடக் கெட்ட பழக்கம், இந்தத் தொல்லைக்காக இரண்டாம் படிச் சரிபார்ப்பையே நிறுத்திவிடுவது.

குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல், முதலாளியின் போனில் ஓதென்டிகேட்டர் செயலியைப் போடுங்கள். அது காட்டும் 6 இலக்கம் 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும். அதற்கு சிக்னலோ டேற்றாவோ தேவையில்லை, காட்டோரத்தில் டவர் எட்டாத இடத்திலும் வேலை செய்யும். இலக்கம் சரியாக இருந்தும் "பிழை" என்று வந்தால் முதலில் போனின் நேரத்தைப் பாருங்கள்; கையால் வைத்த நேரம் ஒன்றிரண்டு நிமிடம் பிந்தினாலே இலக்கம் ஏற்கப்படாது. நேரத்தைத் தானாக எடுக்கும்படி விட்டால் சரி.

போன் தண்ணீரில் விழுந்தால்? அதற்குத்தான் பக்கப் கோட். கூகிள் ஒரு தடவையில் 10 கோட் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு முறைக்கு மட்டும் செல்லும். தாளில் அச்சடித்து, உறுதிப் பத்திரங்கள் இருக்கும் பெட்டிக்குள் வையுங்கள். அதே போனில் படம் பிடித்து வைத்தால் போனோடு அதுவும் போய்விடும். கனடா அண்ணாவுக்கு அவருடைய சொந்த எக்கவுண்டில் "வியூவர்" உரிமை கொடுத்தால் போதும். கணக்கு எல்லாம் பார்ப்பார், திறப்பு இங்கே இருக்கும்.

யாரிடமும் சொல்லக்கூடாதவை இந்த ஓ.டி.பி., பக்கப் கோட் இலக்கங்கள். கூகிளில் இருந்தோ வங்கியில் இருந்தோ கதைக்கிறோம் என்று தமிழில் அன்பாகக் கேட்டாலும் சொல்லவேண்டாம்.

லிங்க் உள்ளவர் எவரும்

கணக்காளர் வவுனியாவில் இருக்கிறார், சம்பள ஷீட் அவசரமாகத் தேவை. "எனிவன் வித் த லிங்க்" என்று மாற்றி வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஷீட்டில் வேலையாட்களின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், ஈ.பி.எஃப். 8, 12 வீதப் பங்களிப்புகள், ஈ.டி.எஃப். 3 வீதம் எல்லாம் இருக்கும். லிங்கை யார் யாருக்குத் தள்ளிவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியவராது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டத்தை விட்டாலும், உங்களை நம்பித் தந்த பிள்ளைகளின் விவரம் அது.

சோதிப்பது சுகம். லிங்கைப் பிரதி எடுத்து, பிரவுசரில் இன்கொக்னிட்டோ ஜன்னல் (உங்கள் எக்கவுண்ட் திறந்திராத தனி ஜன்னல்) திறந்து ஒட்டுங்கள். லொகின் கேட்காமல் திறந்தால் உலகத்துக்கே திறந்திருக்கிறது. "ரெஸ்ரிக்டட்" ஆக்கி, கணக்காளரின் மெயிலை மட்டும் சேருங்கள்.

கொமினிகேசனில் அச்சடிப்பது

பிரின்டர் இல்லாத கடைகள் சந்தியில் உள்ள கொமினிகேசனுக்குப் போய், அந்தக் கணனியில் கடை ஜிமெயிலைத் திறந்து அச்சடிக்கும். அவசரத்தில் சைன் அவுட் செய்ய மறப்பது ஒன்று. பிரவுசர் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா" என்று கேட்டதற்கு யாரோ "ஆம்" அழுத்தியிருப்பது இன்னொன்று. இரண்டாவதுக்கு சைன் அவுட் மருந்தாகாது, பாஸ்வேர்ட் அந்தக் கணனியிலேயே கிடக்கும். அச்சடிக்கவேண்டிய பக்கத்தை மட்டும் பி.டி.எஃப். ஆக்கிக் கொமினிகேசனின் மெயிலுக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே திறந்தவர்கள் எக்கவுண்டின் செக்கியூரிட்டிப் பக்கத்தில் "யுவர் டிவைசஸ்" பார்த்து, தெரியாத கணனிகளை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றவேண்டும். வட்ஸ்அப் வெப் திறந்தவர்கள் "லிங்க்ட் டிவைசஸ்" இடத்தையும் பாருங்கள்.

வேலையை விட்டுப் போனவரை உடனே அழிப்பது

போனவரின் எக்கவுண்டை விட்டுவைப்பதும் தவறு, கோபத்தில் அன்றே அழிப்பதும் தவறு. நிறுவன எக்கவுண்ட் என்றால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு திறந்திருக்கும் எல்லா இடத்திலும் இருந்து வெளியேற்றுங்கள், அடுத்து அவருடைய கோப்புகளை வேறொருவருக்கு மாற்றுங்கள், அழிப்பது கடைசியில். இந்த ஒழுங்கு தவறினால் கோப்புகளும் சேர்ந்து போகும். அழித்த எக்கவுண்டை மீட்க வேர்க்ஸ்பேஸில் 20 நாளும் மைக்ரோசொஃப்ட் 365இல் 30 நாளும்தான் இருக்கின்றன.

சிங்க் என்பது பக்கப் அல்ல

"எல்லாம் கிளவுட்டில் இருக்கிறது, ஏன் பிரதி?" என்று கேட்பவர்கள் 2023 ஓகஸ்டை நினைக்கவேண்டும். லங்கா அரச கிளவுட்டை ரான்சம்வெயார், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மெயில் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள் திரும்பவில்லை. அந்தக் காலத்துக்கு இணைப்பில் இல்லாத பிரதி இருக்கவில்லை என்பதுதான் காரணம்.

உங்கள் கணனியில் பென் ட்ரைவ் வழியாக வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால், கணனியில் மாறுவதை அப்படியே கிளவுட்டிலும் மாற்றும் சிங்க் செயலி அந்தப் பூட்டிய கோப்புகளையே விசுவாசமாக மேலே ஏற்றிவிடும். கூகிள் ட்ரைவ் ஃபோல்டரை அப்படியே டிஸ்கில் இழுத்துப் போட்டால் பிரதி வந்துவிடும் என்பதும் பிழை. அங்கே தெரியும் கூகிள் ஷீட் கோப்பு வெறும் முகவரிச் சீட்டு. உள்ளே கணக்கு ஒரு வரிகூட இராது. கோப்புகளைப் பொதியாக இறக்கித் தரும் கூகிள் டேக்அவுட் வழியாக எடுத்தால் ஷீட் எக்செல் கோப்பாக இறங்கும். தயாரான பொதிக்கான லிங்க் ஒரு கிழமை மட்டும் செல்லும், உடனே இறக்குங்கள். இரவு டேற்றா உள்ள பக்கேஜ் என்றால் இரவில்.

1 டிபி டிஸ்க் இரண்டு போதும். வெள்ளிக்கு வெள்ளி மாறி மாறி எடுங்கள், எடுத்ததும் கழற்றுங்கள். செருகியே விட்டால் வைரஸ் அதையும் பூட்டும். ஒன்று கடையில், மற்றது வேறு இடத்தில், நிலத்தில் இருந்து உயரமாக. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியதை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மாதம் ஒருமுறை டிஸ்கில் இருந்து ஏதாவது ஒரு ஷீட்டைத் திறந்து, கடைசி வரியின் திகதியைப் பாருங்கள்.

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது"

சப்ளையரின் மெயிலில் இருந்தே இப்படி வரும். எழுத்து, கையொப்பம், பழைய சிட்டை எல்லாம் சரியாக இருக்கும். அவருடைய எக்கவுண்டில் யாரோ இருக்கிறார்கள் என்பதுதான் காரணம். மெயிலில் உள்ள இலக்கத்துக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் இலக்கத்துக்கு எடுத்துக் கதைத்துவிட்டுத்தான் பணம் போடவேண்டும்.

உங்கள் எக்கவுண்டிலேயே யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், சுத்தமான வேறொரு கருவியில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். பிறகு ஜிமெயில் செட்டிங்ஸில் "ஃபோர்வர்டிங்", "ஃபில்ட்டர்ஸ்" இரண்டையும் பாருங்கள். உள்ளே வந்தவர்கள் "இன்வொய்ஸ்" என்ற சொல் உள்ள மெயிலைத் தங்களுக்குத் திருப்பி விடும்படி விதி போட்டிருப்பார்கள், பாஸ்வேர்ட் மாறினாலும் அந்த விதி ஓடிக்கொண்டே இருக்கும். மீட்பு இலக்கமும் மீட்பு மெயிலும் உங்களுடையதா, உரிமை கொடுத்த வெளிச் செயலிகள் எவை என்பதையும் பாருங்கள். பணம் போயிருந்தால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு, அதே மணித்தியாலத்தில். அடுத்தது இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101க்கு. அன்று மாலைக்குள் உங்களிடம் சாமான் வாங்குபவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்து, எங்கள் மெயிலில் இருந்து வங்கிக் கணக்கு மாற்றச் சொல்லி ஏதாவது வந்தால் பணம் போடவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.