சூழல் வடிவமைப்பு படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. 'சூழல்' என்றதும் காடு, காற்று மாசு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று எண்ணிக்கொண்டு சேர்பவர்கள் உண்டு. அவை சூழல் அறிவியலும் சூழல் பொறியியலும் பார்க்கிற வேலை. சூழல் வடிவமைப்பில் பாடம், மனிதர்கள் புழங்கும் இடம்: வீடு, முற்றம், தெரு, பூங்கா, முழு நகரம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1959-இல் கட்டடக்கலை, நிலத்தோற்ற வடிவமைப்பு, நகரத் திட்டமிடல் மூன்றையும் ஒரே கல்லூரியாக்கி இந்தப் பெயரைச் சூட்டினார்கள். கட்டடம் ஒருவர் கையிலும் அதைச் சுற்றிய நிலம் இன்னொருவர் கையிலும் பிரிந்து கிடக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பெயரில் இருக்கிறது. அந்த எண்ணம் உங்களை ஈர்க்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அடுத்தது, பட்டத்தையும் உரிமத்தையும் ஒன்றாக நினைப்பது. எல்லாத் தவறுகளிலும் விலை அதிகம் இதற்குத்தான். பல நாடுகளில் 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயரோடு போட்டுக்கொள்ளவே சட்டப்படி உரிமம் வேண்டும். அமெரிக்காவில் நான்காண்டு சூழல் வடிவமைப்பு இளநிலைப் பட்டம் பொதுவாக ஓர் அடித்தளப் படிப்பு மட்டுமே. அதற்கு மேல், கட்டடக்கலைப் படிப்புகளை மதிப்பிடும் என்.ஏ.ஏ.பி. (NAAB) அமைப்பு அங்கீகரித்த தொழில்முறைப் பட்டம், பணி அனுபவம், உரிமத் தேர்வுகள் என்று ஆண்டுகள் ஓடும். அந்த அமைப்பு அங்கீகரிப்பது பல்கலைக்கழகத்தை அல்ல, குறிப்பிட்ட படிப்பை. பெயர்பெற்ற கல்லூரி என்பதால் அங்குள்ள எல்லாப் பட்டங்களும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. நிலத்தோற்ற வடிவமைப்புக்கும் நகரத் திட்டமிடலுக்கும் அங்கீகாரம் தரும் அமைப்புகளே வேறு. சேரும் முன்பே துறையிடம் கேளுங்கள்: இந்தப் பட்டத்தை வைத்து நான் வேலை செய்ய விரும்பும் நாட்டில் உரிமம் பெற முடியுமா? முடியாது என்றால் இன்னும் எத்தனை ஆண்டு? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படிப்புக்குள் நுழைந்த பிறகு வருவது படத்தின் மயக்கம். ரெண்டரில், அதாவது கணினியில் உருவாக்கும் நிஜம்போன்ற படத்தில், எல்லாக் கட்டடமும் அழகுதான். அங்கே வெயில் சுடாது, மழைநீர் தேங்காது. லண்டனில் ஃபென்சர்ச் தெரு 20-ஆம் எண் கோபுரத்தின் தெற்கு முகம் உட்குழிந்த கண்ணாடிப் பரப்பு. 2013-இல் அது குழியாடியைப் போலவே வெயிலைக் குவித்துத் தெருவில் பாய்ச்ச, கீழே நின்றிருந்த காரின் பாகங்கள் உருகின. மறு ஆண்டு வெயில்மறைப்புத் தகடுகளைப் பொருத்த வேண்டியதாயிற்று. சூரியன் எந்த மாதம், எந்த மணிக்கு, எந்தக் கோணத்தில் நிற்கும் என்பது முன்கூட்டியே கணக்கிடக்கூடிய விஷயம். முதலாண்டு மாணவர்கூட சூரியப்பாதை வரைபடத்தை விரித்துவைத்து அளவுகோலால் பார்த்துவிடலாம். அந்த வரைபடத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறப்பவர்கள்தான் அதிகம்.

இடத்துக்கு ஒரே ஒரு முறை போய், நான்கு புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதும் இதே வகைத் தவறு. காலையில் போங்கள், நடுப்பகலில் போங்கள், மழை பெய்யும்போதும் போங்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துவையுங்கள். போட்ட பெஞ்சு காலியாகக் கிடக்க, பக்கத்துக் குட்டைச்சுவரில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் நிழல், பெஞ்சில் வெயில். அந்த ஒரு குறிப்பு பத்து ரெண்டருக்குச் சமம் என்பேன்.

மண், வடிகால், செலவு மதிப்பீடு, கட்டட விதிகள், புவித்தகவல் மென்பொருள் ஆகியவற்றைச் சலிப்பான பாடங்கள் என்று ஒதுக்காதீர்கள். முதல் வேலை பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் கிடைக்கிறது.

வேலை தேடும்போது 'சூழல் வடிவமைப்பாளர்' என்றே தட்டித் தேடுவது இன்னொரு தவறு. விளம்பரங்களில் அந்தப் பெயர் அரிதாகவே வரும். நகரத் திட்ட உதவியாளர், நிலத்தோற்ற வடிவமைப்பாளர், கட்டட ஆற்றல் பகுப்பாய்வாளர், பகல்வெளிச்ச ஆலோசகர், வழிகாட்டிப் பலகை வடிவமைப்பாளர், கண்காட்சி வடிவமைப்பாளர் என்று வேலைகள் பல பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன. 'லீட்' போன்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ்த் தேர்வை எழுதுவது நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கட்டடம் சான்றிதழ் வாங்கிய பிறகும் மின்கட்டணம் கணக்கை மீறுவது உண்டு.

போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை கேட்கும்போது காட்டும் உங்கள் படைப்புத் தொகுப்பில், முடிந்த படங்களை மட்டும் அடுக்காதீர்கள். வேலைக்கு எடுப்பவர் தேடுவது நீங்கள் முடிவெடுக்கும் விதத்தை. அந்தப் பெஞ்சை முதலில் வெயிலில் வரைந்த தாள், இடத்தில் எழுதிய குறிப்பு, பிறகு நிழலுக்கு நகர்த்திய தாள். மூன்றையும் ஒரே பக்கத்தில் வையுங்கள், முதல் தாளில் இருக்கும் அடித்தல் திருத்தல்களோடு.