வீட்டு எர்த்திங்: குழி போட்டால் மட்டும் போதுமா?

ஃபிரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது. வாஷிங் மெஷினில் ஈரக்கை பட்டால் விறுவிறுக்கிறது. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, “எர்த் போயிடுச்சு சார், புதுக் குழி போடணும்” என்றார். போட்டோம். ஆனால் பிரச்சினை முழுசாகத் தீர்ந்தது குழியால் அல்ல, அதற்கப்புறம் டி.பி.யில் (சுவிட்சுகள் இருக்கும் மெயின் பெட்டியில்) மாட்டிய ஒரு சாமானால். அதை நாலாவது படியில் சொல்கிறேன்.

1. உங்கள் வீடு எந்த வகை?

எர்த்திங் என்பது சாமான்களின் உலோக பாடியைக் கம்பி வழியாக மண்ணோடு இணைப்பது. அதன் முறைகளை டி.டி., டி.என்., ஐ.டி. என்று பிரிப்பார்கள். டி என்றால் மண், என் என்றால் நியூட்ரல், ஐ என்றால் மண்ணோடு நேரடித் தொடர்பில்லாதது. முதல் எழுத்து, சப்ளை தரும் இடத்தில் மண்ணோடு தொடர்பு எப்படி என்பதற்கு. இரண்டாவது, வீட்டுச் சாமான்களின் உலோக பாடி எதில் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு. சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் பெரிய அடுக்குமாடிகளில் பெரும்பாலும் டி.என்.எஸ்.; எர்த் தனிக் கம்பியாகவே டிரான்ஸ்ஃபார்மர் வரை போகும். ஐ.டி. முறையை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இடங்களில்தான் பார்க்கலாம்.

கம்பத்திலிருந்து ஃபேஸ், நியூட்ரல் இரண்டை மட்டும் வாங்கி, எர்த்தை நம் காம்பவுண்டுக்குள் நாமே போட்டுக்கொண்டால் அது டி.டி. நம்மூர்த் தனிவீடுகள் பெரும்பாலும் இதுதான். இதில் லீக்கேஜ் கரண்ட், அதாவது பாடிக்குக் கசிகிற கரண்ட், டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப மண்ணைத் தவிர வேறு வழி கிடையாது.

2. பழைய எர்த்தைச் சோதிப்பது

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்து, “பிரகாசமா எரியுது, எர்த் சூப்பர்” என்பார்கள். கணக்கைப் பாருங்கள். எரியும்போது அந்த பல்பின் தடை சுமார் 529 ஓம். உங்கள் எர்த்தின் தடை 50 ஓம் என்ற படுமோசமான நிலையில் இருந்தாலும் பல்புக்கு ஏறக்குறைய 210 வோல்ட் கிடைத்துவிடும். நன்றாகவே எரியும்.

அதே 50 ஓம் எர்த்தில் ஹீட்டரின் ஃபேஸ் பாடியில் பட்டால்? டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 2 ஓம் என்று வைத்தால், ஓடும் கரண்ட் சுமார் 4.4 ஆம்பியர். கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி., 16 ஆம்பியர் என்றால் அசையாது. ஹீட்டர் பாடியோ 221 வோல்ட்டில் நிற்கும். மல்டிமீட்டரும் இதில் உதவாது. எர்த் கெட்டுப்போயிருந்தாலும் அது 230 காட்டும்.

சரியான கருவி எர்த் டெஸ்டர். மெயினை ஆஃப் செய்து, குழியில் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரு ஆணியை 30 மீட்டர் தள்ளியும் இன்னொன்றை அதே நேர்கோட்டில் 18, 19 மீட்டரிலும் அடித்து அளக்க வேண்டும். சொந்தமாக வாங்க வேண்டாம், காசுக்குக் கேடு. டெஸ்டர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

அளப்பதற்கு முன் குழிமூடியைத் திறந்து கிளாம்பைப் பாருங்கள். எங்கள் குழியில் பைப் நன்றாக இருந்தது. செம்புக் கம்பியை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கிளாம்பில் நேரடியாக முறுக்கிய இடம்தான் துரு தின்று, கையால் இழுத்ததும் வந்துவிட்டது.

3. குழி

பைப் எர்த்திங் என்றால் எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 சொல்கிறபடி 40 மி.மீ. ஜி.ஐ. பைப், குறைந்தது 2.5 மீட்டர் நீளம், கட்டடத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி. சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்குவது எல்லாருக்கும் தெரிந்ததே. பிளேட் எர்த்திங்குக்கு 60க்கு 60 செ.மீ. தகடு, தோண்டுகிற கூலியை நினைத்தால் தனிவீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உப்பு எனக்குப் பிடிக்காது. மழையில் கரைந்து போகும், போகிறபோது பைப்பையும் அரிக்கும். 250 மைக்ரான் செம்புப் பூச்சுள்ள ராடும், பென்டோனைட் என்கிற ஈரம் பிடித்து வைக்கும் களிமண் தூளும் போடுங்கள். மலிவு ராடுகளில் பூச்சு பேருக்குத்தான் இருக்கும், கத்தியால் சுரண்டினால் இரும்பு தெரியும். களிமண் பூமியில் ஒரு ராடு போதும். பாறையிலும் காய்ந்த மணலிலும் இரண்டு தேவைப்படலாம். கம்பியை முறுக்காதீர்கள். கம்பி முனையில் வெள்ளீயம் பூசிய லக் (துளையுள்ள உலோக முனை) வைத்து போல்ட் போடுங்கள்.

4. ஆர்.சி.சி.பி.

நல்ல குழி போட்டு 8 ஓம் வந்தால்கூட, டிரான்ஸ்ஃபார்மரின் 2 ஓமையும் சேர்த்து ஓடுவது 23 ஆம்பியர்தான். ‘சி’ வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ 80 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதனால் டி.டி. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் என்பேன். ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டாலே சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச் இது. இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் இருந்தால் ‘ஏ’ டைப் வாங்குங்கள். ஓவர்லோடை இது பார்க்காது, எம்.சி.பி.யும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்; அது சுவிட்சைத்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல.

பின்சேர்க்கை

“ஆர்.சி.சி.பி. போட்டதும் ஆன்ல நிற்கவே மாட்டேங்குது” என்று பலர் எழுதியிருந்தார்கள். விசாரித்ததில் முக்கால்வாசி யு.பி.எஸ். வயரிங். யு.பி.எஸ்.ஸுக்கு ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்தும், லைட்டுகளின் நியூட்ரலை அதற்குப் பின்னாலிருந்தும் எடுத்திருப்பார்கள். இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். டிரிப் ஆகிறதே என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிப் போடாதீர்கள்.

“பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் லூப் அடித்துவிடலாமா?” கூடவே கூடாது. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டிலுள்ள எல்லா பாடியிலும் ஃபேஸ் ஏறும்.

“போர்வெல் கேசிங்கில் எர்த் கட்டலாமா?” என்றும் கேட்டார்கள். இப்போது போடுவது பெரும்பாலும் பி.வி.சி. கேசிங்; அதில் கட்டிப் பயனில்லை. இரும்பாக இருந்தாலும், மோட்டாரைத் தூக்க வருகிறவர்கள் எர்த் கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டாமல் போய்விடுவார்கள். தனி ராடே அடியுங்கள்.