சின்னக் கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா? மதுரைப் பக்கத்துப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

பிளஸ் டூ முடிவு வந்த வாரம், மதுரையில் பாதி வீடுகளில் இதே பேச்சுதான். ஊரிலேயே ஒரு கலைக் கல்லூரியில் சேர்ப்பதா, பல்கலைக்கழகம் என்று பெயர் போட்ட இடத்துக்கு அனுப்புவதா? ஆனால் பெயர்ப்பலகையை வைத்து இடத்தின் அளவைச் சொல்ல முடியாது. 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியில் ஆயிரக்கணக்கான பேர் படிக்கிறார்கள். ஆந்திராவின் ஸ்ரீ சிட்டியில் இருக்கும் கிரியா பல்கலைக்கழகத்தில் அதைவிடக் குறைவான பேர்தான். பிள்ளை மூன்று வருடம் குடியிருக்கப் போவது ஒரு துறையில். அந்தத் துறை சின்னதா பெரிதா, ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

கணக்கு போடுவது எளிது. கல்லூரி இணையதளத்தில் துறைப் பக்கத்தைத் திறந்து ஆசிரியர்களை எண்ணுங்கள். ஒரு துறையில் 9 பேர் என்று வைத்துக்கொள்வோம். இளங்கலையில் ஆண்டுக்கு 60 இடம் என்றால் மூன்று ஆண்டுக்கு 180. முதுகலையில் 30 வீதம் 60. மொத்தம் 240-ஐ 9-ஆல் வகுத்தால் ஓர் ஆசிரியருக்கு 27 பேருக்குக் கொஞ்சம் குறைவு. 30-க்குள் இருந்தால் ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். 45-ஐத் தாண்டினால் ரோல் நம்பர்தான் தெரியும். எண்ணும்போது அரசு உதவி பெறும் பிரிவையும் சுயநிதிப் பிரிவையும் தனித்தனியாக எண்ண வேண்டும். பல கல்லூரிகளில் ஒரே பெயரில் ஒரே பாடம் இரண்டு பிரிவிலும் நடக்கும். ஆசிரியர்கள் வேறு, கட்டணம் வேறு, வகுப்பு நேரம்கூட வேறாக இருக்கலாம். மூத்த பேராசிரியரின் பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, அவர் அந்தப் பிரிவுக்கு வருவதே இல்லை என்று தெரிந்து ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரி கொடுத்த தகவல் கோப்பு. தரவரிசையில் பங்கேற்கும் நிறுவனம் இதைத் தன் இணையதளத்தில் போட்டிருக்கும். தரவரிசை எண்ணைவிட இந்தக் கோப்பு பலமடங்கு உதவும், ஆனால் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அதில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்து, குறித்த காலத்தில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள் என்ற அட்டவணை. 400 பேர் சேர்ந்து 260 பேர்தான் நேரத்தில் முடித்திருந்தால், மீதி 140 பேர் அரியர் வைத்தோ இடையில் நின்றோ போயிருக்கிறார்கள். அதே அட்டவணையில் எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, வேலையில் சேர்ந்தவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பதும் இருக்கும். விளம்பரத் தட்டியில் போடும் அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒரு பிள்ளைக்குக் கிடைத்ததாக இருக்கலாம். இடைநிலைச் சம்பளம்தான் நடுவில் நிற்கும் பிள்ளையின் நிலையைச் சொல்லும். இரண்டு, ஆசிரியர் பட்டியலில் பணியில் சேர்ந்த தேதி. பாதிப் பேர் கடந்த இரண்டு வருடத்துக்குள் சேர்ந்தவர்கள் என்றால் அங்கே ஆள் நிலைப்பதில்லை. முதல் வருடம் பாடம் எடுத்தவர் மூன்றாம் வருடம் சிபாரிசுக் கடிதம் எழுத அங்கே இருக்க மாட்டார்.

வெளிநாட்டில் 'லிபரல் ஆர்ட்ஸ்' என்று சொல்வதில் பிள்ளை சேர்ந்த பிறகு பல பாடங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதன்மைப் பாடத்தை முடிவு செய்யலாம். நம் கல்லூரிகளில் முதன்மைப் பாடம் சேரும் நாளிலேயே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு பாடம் மாற்ற வேண்டுமென்றால் முதல் சில வாரத்துக்குள், அதுவும் இடம் காலியாக இருந்தால்தான். இருந்தாலும் நம் பட்டப்படிப்பிலும் கிளைகள் உண்டு. பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் அலைடு எனப்படும் துணைப் பாடமும், பகுதி 4-இல் என்.எம்.இ. எனப்படும் பிற துறை விருப்பப் பாடம், பகுதி 5 என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "அலைடையும் என்.எம்.இ.யையும் மாணவர் தேர்ந்தெடுக்கலாமா, துறையே ஒதுக்கிவிடுமா?" தன்னாட்சிக் கல்லூரிக்குத் தன் பாடத்திட்டத்தைத் தானே எழுதும் உரிமை உண்டு, பட்டம் மட்டும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அதனால் இரண்டு தன்னாட்சிக் கல்லூரிகளில் ஒரே பெயருள்ள பி.ஏ.வுக்கு வேறு வேறு பாடம் இருக்கலாம். பாடத்திட்டக் கோப்பைப் பதிவிறக்கி, ஐந்தாம் ஆறாம் செமஸ்டர் தாள்களை முதலில் படியுங்கள். முதல் வருடப் பாடம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் கடைசி வருடத்தில்தான் தெரியும். புராஜெக்ட் தனியாளாகச் செய்வதா, ஐந்து பேர் சேர்ந்து செய்வதா என்பதும் அங்கே இருக்கும். அகமதிப்பீட்டுக்கும் செமஸ்டர் தேர்வுக்கும் மதிப்பெண்ணை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அகமதிப்பீடு கூடக்கூட ஆசிரியரோடு பேசிப் பழகும் பிள்ளைக்கு அது நல்லது. ஒதுங்கி உட்காரும் பிள்ளைக்குத் தேர்வுத்தாள் நம்பகமானது.

பெரிய பல்கலைக்கழகத்தின் பலம் நூலகம், கருவிகள், ஆராய்ச்சி மாணவர்கள், பல துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் முதுகலைக்கும் பி.எச்.டி.க்கும் சேரும். பெயர் பெற்ற பேராசிரியர் முதுகலை வகுப்புக்குப் போவார். இளங்கலைக்குக் கௌரவ விரிவுரையாளர் வருவார். 1966-இல் தொடங்கிய நம் காமராசர் பல்கலைக்கழகமும் முதுகலை, ஆராய்ச்சி இடமாக வளர்ந்ததுதான். ஆகவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு எங்கள் யோசனை: மூன்று வருடம் ஆசிரியர் நிலைத்து நிற்கும் சின்னத் துறை, பிறகு இரண்டு வருடம் பெரிய இடம். முதுகலைக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் பல இடங்கள் சி.யு.இ.டி. பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு வழி, ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி.க்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு. இளங்கலை எங்கே படித்தார் என்று அந்தத் தேர்வுகள் கேட்பதில்லை.

விதிவிலக்கு உண்டு. எந்தப் பாடம் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே உறுதியாக இருக்கும் பிள்ளை, யாரும் சொல்லாமலே நூலகத்துக்குப் போகும் பிள்ளை, ஊரில் இல்லாத பாடம் வேண்டும் பிள்ளை — இவர்கள் நேராகப் பெரிய இடத்துக்குப் போகலாம். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் இளங்கலைக்கான சி.யு.இ.டி. எழுத வேண்டும், தமிழிலும் எழுதலாம். இதன் விண்ணப்பம் பிளஸ் டூ பொதுத்தேர்வை ஒட்டிய மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. முடிவு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அந்த வருடம் வாசல் அடைபட்டுவிடும்.

பயண நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரம் என்றால் நாளுக்கு 3 மணி. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்ற கணக்கில் வருடத்துக்கு 540 மணி நேரம் பஸ்ஸில். சாயங்காலம் நூலகமும் மன்றக் கூட்டமும் அந்தப் பிள்ளைக்குக் கிடையாது. விடுதிச் செலவை இதோடு சேர்த்துப் பார்த்துத்தான் மலிவா, விலை அதிகமா என்று சொல்ல முடியும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதையும் வரவில் எழுதுங்கள்.

நேரில் போவது கட்டாயம். விழா நாளில் போகாதீர்கள், வேலை நாளில் போங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல். ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள்? நூலகத்தில் உங்கள் பாடத்து அலமாரியில் ஐந்து புத்தகத்தை எடுத்து, தேதிச் சீட்டு ஒட்டியிருந்தால் கடைசி முத்திரை எந்த வருடம் என்று பாருங்கள். துறை அறிவிப்புப் பலகையில் கால அட்டவணை இருக்கும். ஒரே பெயர் எத்தனை பாடத்துக்கு வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு கேன்டீன் பக்கம் நிற்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம், "நல்ல காலேஜா?" என்று கேட்காமல், "அக்கா, போன வாரம் எத்தனை ஹவர் ஃப்ரீயா விட்டாங்க? இன்டர்னல் பேப்பரத் திருத்தித் திருப்பித் தருவாங்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். நேர்மையான பதில் வரும்.

கடைசியாக, பணம் கட்டும் கட்டம். ஒரு இடத்தில் கட்டிவிட்டு இன்னொரு இடத்துக்காகக் காத்திருப்பது எல்லோரும் செய்வதுதான். கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும், அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்பதற்கும் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதன்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு முன்பே விலகினால் பெரும்பகுதி திரும்ப வரும். தேதி தாண்டினால் படிப்படியாகக் குறைந்து, 30 நாளுக்குப் பிறகு ஒன்றும் வராது. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்குங்கள். டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பத்துப் பத்து நகல் எடுத்து வைத்துவிட்டு அதற்குப் பிறகு அசலைக் கொடுங்கள்.